குத்தகைக்கு ஒரு மகிழுந்து: ஒசூர்க் குடும்பம் ஒன்றின் கணக்கு

வாடகை, குத்தகை, ஒத்தி, அடகு என்னும் நான்கு சொற்களும் நம் ஊர்ப் பத்திரங்களில் நெடுங்காலமாக வழங்கி வருபவை. அடகில் பொருள் ஈடாகச் செல்கிறது. கடன் தீர்ந்தால் திரும்புகிறது. ஒத்தியில் கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தின் பயனையே துய்க்கிறார். வாடகை பெரும்பாலும் குறுகிய காலத்தது. குத்தகையோ குறித்த காலத்திற்குக் குறித்த தொகை கொடுத்துப் பிறர் பொருளின் பயனைப் பெறுவது. அரபுமொழியின் ‘இஜாரா’ என்னும் சொல்லும் இப்பொருளிலேயே பழைய வருவாய்த்துறை ஆவணங்களில் புகுந்தது.

கிருட்டிணகிரிப் பக்கத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவரைக் கவனித்தவர்களுக்கு இதன் நுட்பம் விளங்கும். அவர் தோப்புக்காரர் சொல்லும் மொத்தத் தொகையைக் கேட்டவுடன் பேரம் பேசத் தொடங்குவதில்லை. மரங்களை எண்ணுவார், பூவைப் பார்ப்பார், தண்ணீர் யார் பொறுப்பு, மருந்து யார் செலவு, காற்றில் பிஞ்சு உதிர்ந்தால் நட்டம் யாருக்கு என்று கேட்பார். தொகையைப் பற்றிய பேச்சு இறுதியில்தான் வரும். அதே ஊர் மனிதர் மகிழுந்தைக் குத்தகைக்கு எடுக்கச் செல்லும்போது மட்டும் “மாதம் எவ்வளவு?” என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறாரே, அது ஏன் என்பது எனக்கு வியப்பாகவே உள்ளது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் இரண்டு ஒப்பந்தப் படிவங்களோடு வந்தார். வீடு ஒசூரில், வேலை மாநில எல்லைக்கு அப்பால் எலக்ட்ரானிக் சிட்டியில், தாயார் கிருட்டிணகிரியில். தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளோடு பயணம் செய்யவும் எழுவர் அமரும் எஸ்.யூ.வி. வகை வண்டி வேண்டும் என்பது அவர் தேவை. பெங்களூர் நிறுவனம் ஒன்று 48 மாதங்களுக்கு மாதம் ரூ.26,000 கேட்டது, தமிழ்நாட்டு நிறுவனம் ரூ.29,000 கேட்டது. இரண்டுக்கும் வரி தனி. இரண்டிலும் காப்பீடும் பராமரிப்பும் அடக்கம். “முதலாவதில் கையொப்பமிடலாம் அல்லவா, ஐயா?” என்றார்.

மாதத் தொகை எவ்வாறு பிறக்கிறது என்பதை முதலில் அவருக்குக் காட்டினேன். அந்த வண்டியின் வரி நீங்கிய விலை ரூ.12,00,000. நான்கு ஆண்டுகள் கழித்து அதன் எஞ்சு மதிப்பு ரூ.6,00,000 எனக் கொள்வோம். இடையில் தேயும் ஆறு இலட்சத்தை 48ஆல் வகுத்தால் மாதம் ரூ.12,500. நிறுவனத்தின் பணம் முடங்கிக் கிடப்பதற்கும் கூலி உண்டு. தொடக்கத்தில் 12 இலட்சமும் இறுதியில் 6 இலட்சமும் முடங்குவதால் சராசரி 9 இலட்சம். ஆண்டுக்கு 12 விழுக்காடு என்றால் மாதம் ரூ.9,000. இரண்டும் சேர்ந்து ரூ.21,500. நிறுவனம் கேட்பது ரூ.26,000. எஞ்சிய ரூ.4,500தான் காப்பீடு, பராமரிப்பு, சாலை வரி, ஆதாயம் ஆகிய அனைத்தும். இப்போது பேரத்திற்கு இடம் எங்கே என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வண்டியின் விலையைக் குறைக்கச் சொல்லலாம்; எஞ்சு மதிப்பை உயர்த்தச் சொல்லலாம். எஞ்சு மதிப்பு ஓர் இலட்சம் உயர்ந்தால், நிதிக்கூலி சற்று ஏறினாலும், மாதத் தொகை ஏறத்தாழ ரூ.1,580 குறையும். ஆயினும் ஒரு கவனம் தேவை. இறுதியில் வண்டியை அந்த மதிப்புக்கு வாங்கியே தீரவேண்டும் என்று ஒப்பந்தம் கட்டாயப்படுத்துமானால், உயர்ந்த எஞ்சு மதிப்பு நமக்குப் பாதகமாகும்.

வரி நீங்கிய விலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கொள்முதலில் செலுத்திய சரக்கு, சேவை வரியைக் குத்தகை நிறுவனம் வரவு வைத்துக்கொள்ள வழியிருக்கிறது. நம்மிடமோ மாதத் தொகையின்மேல் வரி வாங்குகிறது. 22-9-2025 முதல் பெரிய மகிழுந்துகளுக்கு இவ்வரி 40 விழுக்காடு. எனவே ரூ.26,000 என்பது கையிலிருந்து போகும்போது ரூ.36,400. முகவர் வாயில் முதலில் வருவது சிறிய எண்தான்!

அடுத்து, ஓட்டத்தின் வரம்பு. பெங்களூர்ப் படிவத்தில் ஆண்டுக்கு 15,000 கி.மீ.; மிகுந்தால் கிலோமீட்டருக்கு ரூ.8. தமிழ்நாட்டுப் படிவத்தில் 24,000 கி.மீ. மாணவரின் ஓட்டத்தைக் கணக்கிட்டோம். வேலைக்குப் போய்வர நாள்தோறும் ஏறத்தாழ 44 கி.மீ.; வாரம் ஒருமுறை கிருட்டிணகிரிக்குப் போய்வர 100 கி.மீ.; ஊருக்குள் சிறிது. மாதம் 2,000 கி.மீ., ஆண்டுக்கு 24,000. மிகும் 9,000 கி.மீ.க்கு ஆண்டுதோறும் ரூ.72,000, நான்கு ஆண்டுகளில் ரூ.2,88,000. மாதத் தொகையில் மிச்சமாகும் ரூ.3,000 நான்கு ஆண்டுகளில் தருவது ரூ.1,44,000 மட்டுமே. மலிவாகத் தோன்றியது அதே அளவு விலை கூடியதாயிற்று.

எல்லைப்புறத்தாருக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பெங்களூர் நிறுவனம் வண்டியைக் கர்நாடகத்தில் பதிவு செய்து தருவதாகச் சொன்னது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால் புதிய பதிவெண் பெற வேண்டும். வண்டி இரவில் நிற்பது ஒசூர் வீட்டு வாசலில். ஓராண்டு கழிந்தால் தமிழ்நாட்டு வரி, தடையின்மைச் சான்று, கர்நாடகத்தில் கட்டிய வரியில் எஞ்சியதைத் திரும்பக் கேட்கும் அலைச்சல் எல்லாம் வந்து சேரும். இவற்றை யார் ஏற்பது என்பது குறித்துப் படிவம் வாய் திறக்கவில்லை. அத்திப்பள்ளியை நாள்தோறும் கடப்பவர் இதனை எழுத்தில் வாங்காமல் கையொப்பமிடலாகாது. பதிவு யார் பெயரில் என்பதும் கேட்கத்தக்கது. நிறுவனத்தின் பெயரில், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு வரும் வண்டி வாடகை வாகன வகையைச் சேர்ந்தது; எல்லை கடக்க அதற்குரிய அனுமதியும் வரியும் வேறு.

பெயர் நிறுவனத்தினுடையதாயினும் பொறுப்பு நம்முடையது என்பதைப் பலர் அறியார். அச்சட்டத்தின் 2(30)ஆம் பிரிவு, குத்தகை ஒப்பந்தத்தின்கீழ் வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையே ‘உரிமையாளர்’ என்கிறது. கோதாவரி ஃபைனான்ஸ் வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், விபத்து இழப்பீட்டுக்கு நிதி நிறுவனத்தைப் பொறுப்பாக்க மறுத்தது இப்பிரிவைக் கொண்டே. ஆகவே காப்பீடு அடக்கம் என்ற சொல்லோடு நில்லாது, காப்பீட்டு ஆவணத்தின் படியைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாணவரின் மாமனார், “கடன் என்றால் வட்டி, குத்தகையில் வட்டி இல்லையே?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நாம் மேலே பிரித்துப் பார்த்த ரூ.9,000 பணத்தின் கூலியே. அதே வேளையில், ஃபிக்ஹு நூல்கள் கூறும் இஜாராவில் பொருளின் உரிமையும் அதைச் சார்ந்த இழப்பும் கொடுத்தவரிடமே நிற்கும். எடுத்தவர் பயனுக்கு மட்டும் கூலி தருவார். இந்தப் படிவங்களில் இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதைக் காட்டி, மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்குமாறு சொன்னேன். அது என் துறையன்று.

தவணைக் கொள்முதல் நம் நாட்டுக்குப் பழகிய வழி. டி.எஸ்.சந்தானம் 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கிய காலந்தொட்டு லாரிக்காரர்கள் அதனை நன்கறிவர். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ‘நேர்வட்டி’ 10 விழுக்காடு என்று நான்கு ஆண்டுத் தவணை பேசினால், குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறத்தாழ பதினேழரை விழுக்காடு. இந்தியாவின் முதல் குத்தகை நிறுவனமான ஃபர்ஸ்ட் லீசிங் 1973இல் சென்னையில்தான் பிறந்தது. 2013இல் ரிசர்வ் வங்கியின் தடை ஆணைக்கு ஆளானது. வைப்புத்தொகை கொடுக்குமுன் எதிரே இருப்பவரின் நிலையையும் உசாவ வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். பத்தாண்டுகள் ஒரே வண்டியை ஓட்டும் குடும்பத்திற்கு வாங்குவதே மேல் என்பது என் கருத்து. மாணவரோ மூன்று, நான்கு ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாற்றல் வரலாம் என்கிறார்; அவர் நிலைக்குக் குத்தகை பொருந்தக்கூடும்.

மாற்றல் முன்னதாகவே வந்தால்? பெங்களூர்ப் படிவத்தில், இடையில் வண்டியைத் திருப்பினால் எஞ்சிய மாதங்களின் தொகையில் பாதி என்றிருந்தது. இருபத்து நான்காம் மாதத்தில் திருப்பினால் ரூ.3,12,000. இரண்டாம் படிவத்தில் மூன்று மாதத் தொகை. திருப்பும் நாளில் கீறல், பள்ளம், டயர்த் தேய்மானம் ஆகியவற்றை யார் அளப்பது என்பது இரண்டிலும் இல்லை. வண்டியைப் பெறும் நாளிலேயே இருவரும் கையொப்பமிட்ட நிழற்படங்கள் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

அவர் இரண்டு நிறுவனங்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதினார். வரி நீங்கிய விலை, எஞ்சு மதிப்பு, பதிவு மாநிலம், ஓட்ட வரம்பு, இடைமுறிவுத் தொகை ஆகிய ஐந்தையும் எழுத்தில் கேட்டிருந்தார். பெங்களூரிலிருந்து “இச்சலுகை இம்மாத இறுதிவரையே” என்று தொலைபேசி வந்ததாம். எழுத்தில் விடை வரவில்லை. தமிழ்நாட்டு நிறுவனம் எஞ்சு மதிப்பை உயர்த்தி மாதத் தொகையை ரூ.27,800 ஆக்கியது, இறுதியில் வாங்குவது அவர் விருப்பம் என்றும் எழுதித் தந்தது. நிழற்பட வரிக்கு இன்னும் இசையவில்லை. அதற்காகக் காத்திருக்கிறார்.