இரண்டு ஆண்டுப் பட்டம், ஐந்து ஆண்டுப் படிப்பு

அன்புள்ள பவித்ரா,

ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடித்தவள் பட்டம் வாங்க மறுபடியும் நான்கு ஆண்டு படிக்க வேண்டுமா, சீக்கிரம் முடிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறாய். கூடவே ஒரு ஏஜெண்டின் நோட்டீஸையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாய். 'ஒரே வருடத்தில் பி.எஸ்சி. நர்சிங், வேலையை விட வேண்டாம், வகுப்புக்கு வர வேண்டாம்' என்கிறது அது. போனில் சொன்னால் நைட் டியூட்டிக் களைப்பில் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன், படித்துவிட்டு எடுத்து வைத்துக்கொள்.

நான்கு ஆண்டு வேண்டாம், கண்ணு. உன்னைப் போன்றவர்களுக்கென்றே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் என்ற பட்டப்படிப்பு இருக்கிறது. முழுநேரமாகப் படித்தால் இரண்டே ஆண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் 1946ஆம் ஆண்டே நர்சிங்கில் பட்டப்படிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நாடு முழுக்க வார்டுகளைத் தாங்கி நின்றவர்கள் டிப்ளமோ படித்த நர்சுகள்தான். அவர்களும் பட்டம் பெறுவதற்கான இரண்டாண்டுப் படிப்பு 1963இல் திருவனந்தபுரத்தில் முதலில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இப்போது சென்னை மருத்துவக் கல்லூரியின் செவிலியர் கல்லூரியிலும், பல தனியார் கல்லூரிகளிலும் இது நடக்கிறது. பட்டம் தருவது கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

இரண்டு ஆண்டு எப்படிப் போதுமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், சேர்க்கைக்கு ஏன் இத்தனை காகிதம் கேட்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும். நீ ஏற்கெனவே மூன்று ஆண்டு படித்திருக்கிறாய். ஊசி போடவும், பிரசவம் பார்க்கவும், தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுக்கவும் பழகிவிட்டாய். அந்த மூன்று ஆண்டை அப்படியே கணக்கில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆகவே கல்லூரி உன்னிடம் கேட்கும் ஒவ்வொரு சான்றிதழும் அந்த மூன்று ஆண்டு உண்மையாகவே நடந்தது என்பதற்கான சாட்சி. சாட்சி கேட்காமல் சீட்டுத் தருகிறேன் என்பவன், நீ கொடுத்த உழைப்பையும் கணக்கில் வைக்கப்போவதில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் நிபந்தனைகள் அதிகமில்லை. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். ஜி.என்.எம். சான்றிதழ் வேண்டும். மாநிலக் கவுன்சிலில் நர்சாகவும் மிட்வைஃபாகவும் பதிவு செய்திருக்க வேண்டும். உடல் தகுதியும் நன்னடத்தையும் இருக்க வேண்டும். வேலைக்குப் போதுமான ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். சேர்க்கை ஆண்டுக்கு ஒரு முறைதான். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

இவற்றில் நான் மிகவும் பெரிதாக நினைப்பது பதிவைத்தான். ஜி.என்.எம். தேறிய சந்தோஷத்தில் உடனே வேலைக்குப் போய்விட்டு, பதிவைத் தள்ளிப்போடும் பெண்களை நர்சிங் பள்ளியில் பாடம் எடுத்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். தேர்ச்சிச் சான்றிதழ் கையில் இருக்கும்போது பதிவு எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றும். ஒரு நோயாளியின் உடம்பைத் தொட்டு வைத்தியம் செய்ய உனக்குச் சட்டப்படி உரிமை கொடுப்பது பதிவு எண்தான். மெட்ராஸ் மாகாணத்தில் இதற்காக 1926லேயே நர்சுகள், மிட்வைஃப்கள் சட்டம் வந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வருவதற்கு இருபத்தொரு ஆண்டு முன்பே நம் மாகாணத்தில் பதிவேடு பற்றிய சட்டம் இருந்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் நம் கவுன்சில் அலுவலகம் அந்த வழியில் வந்ததுதான்.

உன் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று இரண்டு இருக்கிறதல்லவா? இரண்டாவதான மிட்வைஃப் பதிவை லேசாக நினைக்காதே. பிரசவ வார்டு போஸ்டிங்கில் கேஸ் புக்கில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீ அலைந்து வாங்கியதன் பலன் அது. ஜி.என்.எம்.மில் ஆண்களுக்கும் பிரசவப் பயிற்சி சேர்க்கப்படுவதற்கு முன் படித்த ஆண் நர்சுகள், அதற்கு ஈடாக மனநலம், ஆபரேஷன் தியேட்டர், காசநோய் போன்ற ஏதாவது ஒரு துறையில் அதே காலஅளவு பயிற்சி பெற்ற சான்று காட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்தப் பகுதியோ அதற்கு ஈடான பயிற்சியோ இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

உன்னோடு வேலை பார்க்கும் அரூர்ப் பெண் பெங்களூருவில் படித்தவள் என்று எழுதியிருந்தாய். நம் தர்மபுரி மாவட்டத்திலிருந்து அங்கே போய்ப் படிக்கிறவர்கள் நிறைய. அவள் பதிவு கர்நாடகக் கவுன்சிலில் இருக்கும். இங்கே சேர வேண்டுமானால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. அவளை இப்போதே தொடங்கச் சொல்.

வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களை மருத்துவமனையில் வாங்கி வைத்துக்கொண்டார்களா என்று நீ எழுதவில்லை. வாங்கியிருந்தால் முதலில் அதை மீட்டுவிடு. பாண்ட் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரிஜினலையும் பிடித்து வைத்துக்கொள்வதால் படிப்பே நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். நகல் கொடுக்கலாம், சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம். காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்.

அடுத்தது வருகைப் பதிவு. அந்த நோட்டீஸ் பொய் என்பதற்கு இதுவே போதும். தேர்வு எழுதத் தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் கையில் வருவதற்கு முன் ஒவ்வொரு பிராக்டிகல் பகுதியிலும் நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். விட்டுப்போன நாட்களை வார்டில் வந்து ஈடுகட்டித்தான் தீர வேண்டும். வகுப்புக்கே வராமல் பட்டம் என்றால், யாரோ உன் பெயரில் பொய்யாகக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அர்த்தம். பின்னால் ஒரு நாள் விசாரணை வந்தால் பட்டத்தோடு உன் பதிவுக்கும் சேர்த்து ஆபத்து. ஒழுங்காக மூன்று ஆண்டு படித்து வாங்கிய பதிவை அப்படிப் பணயம் வைக்கலாமா?

வேலையை விட முடியாத நிலைமை உண்மையிலேயே இருந்தால் அதற்கும் நேர்மையான வழி ஒன்று உண்டு. இக்னோ பல்கலைக்கழகத்தின் போஸ்ட் பேசிக் படிப்பு வேலையில் இருக்கும் நர்சுகளுக்காகவே வைத்தது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், பதிவுக்குப் பிறகு பணி அனுபவம் காட்ட வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டு ஆகும். அங்கேயும் மையத்துக்குப் போய் வார்டில் நின்று பயிற்சி எடுத்தாக வேண்டும். வேலையோடு படித்தால் காலம் கூடுகிறது என்பதைக் கவனி. ஏஜெண்டின் கணக்கில் மட்டும்தான் அது குறைகிறது.

உன் தோழி, விலங்கியலில் பட்டம் வாங்கியவள், அமெரிக்காவில் பதினெட்டு மாதத்தில் நர்சிங் பட்டம் தருகிறார்களாமே என்று கேட்டாளாம். உண்மைதான். வேறு பாடத்தில் பட்டம் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்குள் முடிக்கும்படி அங்கே படிப்புகள் உண்டு. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் அதை 1971இல் தொடங்கியது. ஆனால் அவர்களும் வாசலிலேயே நிறுத்தி, உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் எல்லாம் படித்துத் தேறியிருக்கிறாயா என்று கேட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அப்புறம் அந்தப் பதினெட்டு மாதமும் மூச்சுவிட நேரம் இருக்காது. இந்தியாவில் அப்படியொரு வழி இல்லை. உன் தோழி எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கோ மூன்றாண்டு ஜி.என்.எம்.மோ முதலிலிருந்துதான் படிக்க வேண்டும். பி.எஸ்சி.க்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 40. வயது 35க்குள் இருக்க வேண்டும். அவளிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடு. நாள் கடத்துவது அவளுக்குத்தான் நஷ்டம்.

சரி, அந்த இரண்டு ஆண்டில் அப்படி என்ன சொல்லித்தருகிறார்கள்? முதல் ஆண்டில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உணவியல், உளவியல் இவற்றோடு, தாய் நலம், குழந்தை நலம், பொது மருத்துவமும் அறுவையும் மறுபடி ஆழமாக வரும். இரண்டாம் ஆண்டில்தான் உனக்குப் புதிய உலகம் திறக்கும்: சமூக நலம், மனநலம், சமூகவியல், நர்சிங் கல்வி, நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும். பலரும் பயப்படுவது இந்தக் கடைசிப் பாடத்துக்குத்தான். நம் மாவட்டத்தில் பிறந்த நர்சுக்கு அதைவிடத் தேவையான பாடம் இல்லை என்பேன்.

நம் ஊர்ப் பிள்ளைகளின் பற்களில் படிந்திருக்கும் பழுப்புக் கறையைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து, அதுவே இயல்பு என்று பழகிவிட்டோம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே அதைத் தாண்டிய தண்ணீரைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்தவர்கள் உண்டு. பல்லோடு நிற்காமல் எலும்புக்கும் போய், முதுகு வளையாமல் மூட்டு மடங்காமல் ஆக்கிவிடும். ஜப்பான் நிதியுதவியோடு 2013இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்தது இதற்காகத்தான். மூட்டு வலி என்று வரும் பெரியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க உனக்கு இப்போதே தெரியும். ஒரே தெருவிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதி மேலே அனுப்புவது வேறு வேலை. ஆராய்ச்சியும் புள்ளியியலும் உனக்குத் தருவது அதைத்தான்.

கைத்திறமை கல்லூரியில்தான் பிறக்கும் என்று நான் சொல்வதாக நினைக்காதே. அரூர்ப் பக்கம் சிட்லிங்கியில் 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கியபோது, மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துத்தான் ஆஸ்பத்திரியை வளர்த்தார்கள். ஆயிரத்துக்கு நூற்றைம்பதை ஒட்டிப் பச்சிளம் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த பள்ளத்தாக்கில் அந்தச் சாவு மிகக் குறைந்ததற்கு, வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்த்த அந்தப் பெண்களும் காரணம். அங்கே ஒரு முறை போய்ப் பார்த்து வா. கற்றுக்கொண்ட வேலையை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது எப்படியென்று தெரியும்.

இனி உங்கப்பா கேட்ட கேள்வி. இரண்டு ஆண்டு சம்பளம் போகிறதே, அரசு வேலைக்குப் பட்டம் தேவையா என்கிறார் அண்ணன். நேராகச் சொல்கிறேன்: தேவையில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் நர்ஸ் பணிக்கு ஜி.என்.எம். போதும். அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துவிடு, படிப்பைக் காரணம் காட்டி விட்டுவிடாதே. பட்டம் வேண்டியிருப்பது, நர்சிங் பள்ளியில் பாடம் எடுக்கவோ எம்.எஸ்சி. போகவோ ஆசை இருந்தால். அதில் உனக்கு ஒரு சாதகம் உண்டு. நான்காண்டுப் பட்டம் வாங்கியவர்கள் பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு வேலை பார்த்தால்தான் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்க முடியும். போஸ்ட் பேசிக் படித்தவர்களுக்கு அந்த ஓராண்டு படிப்புக்கு முன்னால் இருந்தாலும் செல்லும். நீ இப்போது பார்க்கும் நைட் டியூட்டியெல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அதனால் வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழைத் தேதியோடு, முத்திரையோடு வாங்கிக்கொள். பட்டத்தில் 55 சதவீதம் எடுக்க வேண்டும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள். 50 எடுத்தால் தேறிவிடலாம், எம்.எஸ்சி. கிடைக்காது.

ஆங்கிலத்தைப் பற்றித்தான் உனக்குப் பயம் என்று தெரியும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து ஜி.என்.எம். தேறியவள் நீ, அந்தப் பயத்தின் பெரும்பகுதியைத் தாண்டி வந்துவிட்டாய். தினமும் டியூட்டி முடிந்ததும் ஒரு நோயாளியைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுது. என்ன வலி, எப்போதிருந்து, என்ன கொடுத்தோம், இப்போது எப்படி இருக்கிறார். பெயரை மட்டும் எழுதாதே. கேஸ் ஷீட்டில் எழுதும் துண்டு வார்த்தைகளாக இல்லாமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும்.

ஆடிக்கு வரும்போது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஜி.என்.எம். மதிப்பெண் பட்டியல்கள், பதிவுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வா. எல்லாவற்றிலும் உன் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று சேர்ந்து பார்த்துவிடுவோம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்த நாளாகும். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை