பாங்காக்கில் ஒரு நாள்: அலைச்சலைக் குறைக்க

1. தோளையும் முழங்காலையும் மூடும் உடை அணியுங்கள். இல்லாவிட்டால் அரண்மனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

2. காலை 8.30க்குத் திறந்ததும் நுழையுங்கள். பிறகு வெயிலும் கூட்டமும் ஏறிவிடும்.

3. "இன்று அரண்மனை மூடல், வேறு இடம் காட்டுகிறேன்" என்று தெருவில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். துக்-துக்கில் ஏற்றி நகைக்கடைக்குக் கொண்டுபோகும் பழைய தந்திரம் இது. வாசல்வரை போய் நீங்களே பாருங்கள்.

4. அடுத்து வாட் போ கோயில். 46 மீட்டர் சயன புத்தரின் பாதங்கள்வரை நடந்து செல்லுங்கள். முத்துச்சிப்பி இழைத்த அருமையான வேலைப்பாடு அங்கேதான்.

5. வாட் அருண் கோயிலுக்குத் தா தியன் துறையில் படகேறுங்கள். ஆற்றில் நெரிசல் இல்லை.

6. இரவு உணவுக்கு யாவோராத் பகுதிக்குச் செல்லுங்கள். திங்கட்கிழமை வேண்டாம், பல தள்ளுவண்டிகள் வராது. சைவ உணவுக்காரர்கள் "ஜே" என்று கேளுங்கள். மீன் சாறும் சேர்க்க மாட்டார்கள்.