பூட்டி வைக்கக் கூடாத மருந்து

மருந்துகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் பள்ளியில் வைத்திருக்கும் ஒரு மருந்தை மட்டும் பூட்டாதீர்கள் என்கிறது பிரிட்டிஷ் சுகாதாரத் துறையின் வழிகாட்டி. தேவைப்படும் இடத்திலிருந்து ஐந்து நிமிடத் தொலைவுக்குள் அது இருக்க வேண்டும். அம்மருந்து அட்ரினலின்.

ஏன் இத்தனை அவசரம்? சிலருக்கு வேர்க்கடலை ஒவ்வாது. சிலருக்குப் பால், முட்டை, குளவிக் கொட்டு. பெரும்பாலும் அரிப்பு, தடிப்பு என்ற அளவில் நின்றுவிடும். சில சமயம் மட்டும் ஒவ்வாமை உடலெங்கும் பரவுகிறது. தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. இதுவே அனஃபிலாக்சிஸ். இதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது, மூச்சுக்குழலையோ விரிக்கிறது. ஒரே மருந்து ஒரு குழாயைச் சுருக்கி மற்றொன்றை விரிப்பது விந்தையல்லவா?

ஊசி போடத் தெரியாதவர் என்ன செய்வார்? அதற்காகவே பேனா வடிவில் ஒரு கருவி உண்டு. உள்ளே அழுத்தி வைத்த சுருள்வில் இருக்கிறது. காப்பு மூடியை எடுத்து, தொடையின் வெளிப்புறத்தில் அழுத்தினால் கொக்கி விடுபடும். சுருள்வில்லில் தேங்கியிருந்த நிலையாற்றல் ஊசியை உடைக்கு மேலாகவே தசைக்குள் செலுத்திவிடும். அளவு பார்க்கும் வேலையில்லை, பெரியவர்களுக்கு 0.3 மில்லிகிராம், சிறுவர்களுக்கு 0.15 மில்லிகிராம் என்று முன்பே நிரப்பப்பட்டிருக்கும். நச்சு வாயுத் தாக்குதலின்போது படைவீரர்கள் தமக்குத் தாமே மருந்து ஏற்றிக்கொள்ள உருவான அமைப்பு இது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். (நான் சொல்வது பிரிட்டனின் சட்டம், நம் நாட்டு விதிகள் வேறு.) அங்கே அட்ரினலின் ஊசி மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து. இத்தகைய ஊசியை ஒருவர் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளலாம். பிறருக்குப் போட வேண்டுமானால் மருத்துவர் போன்ற தகுதியுள்ளவராகவோ அவர் சொற்படி நடப்பவராகவோ இருக்க வேண்டும். ஆனால் 2012ஆம் ஆண்டு விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அட்ரினலின், குளுக்ககான், பாம்புக்கடி மருந்து முதலியவை அதில் உள்ளன. அவசர நிலையில், உயிரைக் காக்கும் பொருட்டு, இவற்றை யாரும் போடலாம். ‘அவசர நிலை’, ‘உயிரைக் காத்தல்’ என்ற இரண்டையும் கவனியுங்கள். இவை மருந்தின் குணங்கள் அல்ல, சூழ்நிலையின் குணங்கள். அதே மருந்தை வேறொரு வேளையில் வேறொருவருக்குப் போட்டால் இந்த விலக்குப் பொருந்தாது.

இங்கே ஒரு முரண்பாடு இருந்தது. ஆசிரியர் ஊசி போடலாம். ஆனால் பள்ளி அதை வாங்கி வைக்க முடியாது! மாணவன் தன் பேனாவை வீட்டில் மறந்துவிட்டு வந்தால், சட்டம் அனுமதித்தும் ஆசிரியரின் கை வெறுங்கைதான். ஆஸ்துமா இன்ஹேலருக்கு இந்தக் குறை 2014இல் நீங்கியது. அட்ரினலினுக்கு 2017 அக்டோபர் 1 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூன்றாண்டுத் தாமதத்துக்கு நியாயம் எனக்குப் புலப்படவில்லை. இப்போது பள்ளியின் பெயர், நோக்கம், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துத் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட கடிதம் இருந்தால் மருந்தகத்தில் வாங்கலாம். பள்ளியின் உபரிப் பேனாவை ஒரு மாணவனுக்குப் பயன்படுத்த, மருத்துவரின் ஒப்புதலையும் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவையும் முன்கூட்டியே பெற்று வைக்கிறார்கள்.

பேனாவை வெயிலிலும் வைக்கக் கூடாது, குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. அதிலுள்ள சிறு கண்ணாடிச் சாளரம் வழியே பார்த்து, மருந்து பழுப்பேறியோ கலங்கியோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். ஊசி போட்டதும் ஆம்புலன்சை அழைக்கிறார்கள். மயங்குபவரைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துகிறார்கள். எழுந்து நிற்க விடுவதில்லை. நின்றால் புவியீர்ப்பினால் இரத்தம் கால்களில் தேங்கி, முன்பே தளர்ந்த இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும். மூச்சுத் திணறுபவர் மட்டும் உட்கார்ந்திருக்கலாம். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது பேனா. பயன்படுத்திய பேனாவைக் குப்பையில் எறிவதில்லை. ஊசி போட்ட நேரத்தைக் குறித்து, ஆம்புலன்சில் வருபவரிடம் ஒப்படைக்கிறார்கள்.