நெமற்றோடாப் புழுவின் விருத்தியிற் சிறு புரதங்களின் ஆட்சி

கருக்கட்டிய ஒரு முட்டை எவ்வாறு முழு உடலாகின்றது என்னும் வினா உயிரியலில் மிகப் பழையது. இதற்கு விடை காண யானையையும் குதிரையையும் நாட வேண்டியதில்லை. அழுகும் பழத்தில் வாழும் ஒரு மில்லிமீற்றர் நீளமான புழுவே போதும் எனத் துணிந்தவர் சிட்னி பிரென்னர். 1960 ஆம் ஆண்டுகளிற் கேம்பிரிட்சில் அவர் தேர்ந்துகொண்ட கேனோராப்டைற்றிசு எலெகான்சு என்னும் நெமற்றோடாப் புழுவின் உடல் கண்ணாடிபோல் ஒளியை ஊடுவிடுவது. உயிருடனிருக்கும்போதே அதன் கலங்கள் ஒவ்வொன்றும் பிரிவதை நுணுக்குக்காட்டியிற் காணலாம். ஜோன் சல்சுற்றனும் உடனாய்ந்தோரும் 1983 ஆம் ஆண்டளவில் எல்லாக் கலங்களின் வமிசாவளியையும் எழுதி முடித்தனர். முதிர்ந்த இருபாலிப் புழுவின் உடற்கலக் கருக்கள் 959. விருத்தியின்போது தோன்றி, குறித்த வேளையில் இறந்துபடும் கலங்கள் 131. புழுவுக்குப் புழு இக்கணக்கு ஏறக்குறைய மாறுவதேயில்லை. இப்புழுவைக் கொண்டு செய்த ஆய்வுகளுக்காகப் பிரென்னர், சல்சுற்றன், ஹோர்விற்சு ஆகிய மூவரும் 2002 இல் நோபெற் பரிசு பெற்றனர்.

இத்துணை ஒழுங்கை நடத்துவது எது? பரம்பரையலகு புரதத்தை ஆக்கும், புரதம் உடலை ஆக்கும் என்றே நாம் வகுப்பறையிற் கற்றோம். அது பிழையன்று; ஆனாற் பாதி விடைதான். ஆக்கப்பட்ட புரதத்தை உரிய வேளையில் நிறுத்துவதும், அதன் தொழிலை மாற்றுவதும் மற்றப் பாதி. இதிற் பெரும்பங்கு கொள்பவை, பிற புரதங்களின்மேல் ஒட்டிக்கொள்ளும் சில சிறு புரதங்கள்.

அவற்றுள் மூத்தது யுபிக்குயிற்றின். அமினோவமிலங்கள் 76 மாத்திரமே கொண்ட இப்புரதம் நொதியிற் காணப்படுவதுபோலவே புழுவிலும் மனிதரிலும் சிறிதே மாற்றத்துடன் காணப்படுகின்றது. சலவைக்குச் செல்லும் துணியின் ஓரத்தில் இடும் குறியை நினைவுகூர்க. குறி துணியின் பகுதியன்று. துணி எங்கே போகவேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். யுபிக்குயிற்றின்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு ஒரு புரதத்தில் ஒட்டினால், அப்புரதம் பெரும்பாலும் புரொற்றியசோம் என்னும் உருளைவடிவப் பொறியுட் சென்று துண்டு துண்டாகும். குறியோ கழற்றப்பட்டு மீண்டும் பயன்படும். ஒட்டும் வேலைக்கு மூன்று நொதியங்கள் வேண்டும். முதலாவது குறியை ஆயத்தஞ் செய்யும், இரண்டாவது சுமக்கும், மூன்றாவது எந்தப் புரதத்தில் ஒட்டுவது எனத் தெரிந்தெடுக்கும். இவ்வொழுங்கைக் கண்டறிந்த சீச்சனோவர், ஹெர்சுகோ, ரோசு ஆகியோர் 2004 இல் நோபெற் பரிசு பெற்றனர்.

இனிப் புழுவின் முட்டைக்கு வருவோம். அது விந்தைப் பெற்ற பின்னரே தன் ஒடுக்கற்பிரிவை முடிக்கின்றது. அப்பிரிவுக்குரிய கதிர் மிகச் சிறியது. முட்டையின் ஓரத்தை ஒட்டியே அமைவது. வேண்டாத நிறமூர்த்தங்களைச் சிறு முனைவுடல்களில் வெளியேற்றிவிட்டு, உணவு நிறைந்த குழியவுருவை முட்டை தனக்கே வைத்துக்கொள்வதற்கு இச்சிறுமை இன்றியமையாதது. கதிரின் நுண்குழாய்களை வெட்டிக் குறுக்கும் நொதியம் கற்றனின். யப்பானியரின் வாளுக்குரிய பெயரே இதற்கும் இடப்பட்டது. அதன் ஒரு கூறு மெய்-1. (தமிழ் மெய்க்கும் இதற்கும் உறவில்லை, ஒடுக்கற்பிரிவுக்குரிய பிறமொழிச் சொல்லின் முன்னெழுத்துக்களே இவை.)

ஒரு மணித்தியாலங்கூடக் கழியுமுன் முட்டை முதலாவது இழையுருப்பிரிவில் இறங்குகின்றது. இப்போது வேண்டுவது முட்டையின் நடுவே நீண்டு நிற்கும் பெருங்கதிர். சற்று முன்னர் உதவிய வாளே இப்போது பகை. அது எஞ்சியிருப்பின் கதிர் குறுகி, இடம் பிசகி, பிரிவு குழம்பி முளையம் மடியும். ஆகவே மெய்-1 அழிக்கப்பட வேண்டும். மெல்-26 என்னும் புரதம் அதனை அடையாளங் கண்டு பற்றி, கலின்-3 என்னும் புரதத்தைக் கொண்ட நொதியத்திடம் சேர்ப்பிக்க, யுபிக்குயிற்றின் குறி விழுகின்றது. இது 2003 இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. மெல் என்னும் பெயரே தாயிடமுள்ள விகாரத்தாற் சேய் மடிவதைக் குறிப்பது. தாய் உயிருடன் உலாவ, அவள் முட்டைகளுள் முளையங்கள் இறக்கின்றன.

எம்மை வியப்பில் ஆழ்த்துவது அடுத்த படி. குறியிடும் கலின்-3 இன்மீதும் வேறொரு சிறு புரதம் ஒட்டவேண்டும். நெட்-8 எனப்படும் அது யுபிக்குயிற்றினின் நெருங்கிய உறவு. அது ஒட்டாவிடின் மெய்-1 அழியாது என்பது 2002 இல் அறியப்பட்டது. அப்படியாயின் எப்போதும் ஒட்டியிருப்பது நன்றெனத் தோன்றும். அதுவுமன்று. உரிய வேளையில் அதனைக் கழற்றும் நொதியம் கெட்டாலும் மெய்-1 எஞ்சி நிற்கின்றது. ஒட்டலும் கழற்றலும் மாறி மாறி நிகழ்ந்தாலே வேலை நடக்கும்.

சிறு புரதங்கள் யாவும் அழிவுக்குறிகள் என மாணவர் கருதலாகாது. சூமோ என்னும் இன்னொன்று, தான் ஒட்டிய புரதத்தைப் பொதுவாக அழிக்காது அதன் கூட்டாளிகளை மாற்றும். மனிதரிற் சூமோ பல வகை, புழுவில் ஒன்றே. முட்டை வெளியேறும் துவாரத்தை ஆக்கவல்ல கலங்கள் ஆறு வரிசையாக உள்ளன. அவற்றுள் மூன்றே வழமையாக அதனை ஆக்குகின்றன. ஏனையவை அவ்வழியிற் செல்லாது தடுப்பவற்றுள் லின்-1 என்னும் புரதம் ஒன்று. சூமோ ஒட்டிய லின்-1 தடைசெய்யும் துணைப்புரதத்தைத் தன்னிடம் ஈர்த்துக்கொள்ளும் என 2005 இற் காட்டப்பட்டது. லின்-1 தொழிற்படாத புழுவிற் போலித் துவாரங்கள் பல புடைத்தெழும். துவாரமே அமையாத புழுவின் கதி இன்னும் கொடிது: முட்டைகள் உள்ளேயே பொரிக்க, குஞ்சுகள் தாயைத் தின்றுகொண்டு வெளிவரும்.

புழுவின் கதை புழுவோடு நிற்கவில்லை. புரொற்றியசோமை மறிக்கும் போற்றிசொமிப் என்னும் மருந்து, என்புமச்சையில் எழும் ஒருவகைப் புற்றுநோய்க்கு 2003 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அழிய வேண்டியவை அழியாது குவிவதைத் தாங்கமாட்டாது அந்நோய்க்கலங்கள் மடிகின்றன.

நெமற்றோடாக்களைக் கண்ணாற் காண விரும்பும் மாணவருக்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு புனலின் அடியில் இறப்பர்க் குழாயைப் பொருத்திக் கவ்வியால் இறுக்குக. தோட்டத்து ஈரமண்ணை மெல்லிய துணியிற் பொதிந்து புனலில் வைத்து, மண் நனையுமளவுக்கு நீர் வார்த்து ஓரிரவு விடுக. புழுக்கள் துணியினூடே நெளிந்து வந்து குழாயின் அடியிற் படியும். மறுநாட் காலையிற் கவ்வியைத் தளர்த்தி முதலில் விழும் சில துளிகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்க, கண்ணாடி இழைகள்போல் அவை நெளிவதைக் காணலாம். முட்டை தாங்கிய புழு அகப்படின், அம்முட்டைகளுட் கலங்கள் பிரிந்துகொண்டிருப்பதையும் காணலாம்.