லினக்ஸ் பழக வருகிற பிள்ளைகளுக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியதிலிருந்து, ஜேடர்பாளையம், கபிலர்மலை, பரமத்தி வேலூர் பக்கத்துப் பிள்ளைகள் லினக்ஸ் கேட்டு என்னிடம் வருவது கூடியிருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினா, இரண்டையும் தனித்தனியாகப் போட்டு ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டூயல் பூட்டா என்பதுதான் முதல் கேள்வி. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் ரேம் பாருங்கள். 8 ஜிபி இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, லினக்ஸுக்கு 3 அல்லது 4 ஜிபி ஒதுக்குங்கள். 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் விர்ச்சுவல் மெஷின் வேண்டாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே இழுத்துக்கொண்டு நிற்கும்; லினக்ஸே மெதுவானது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ரேம் போதுமானதாக இருந்தும் ஓடவில்லையா? பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆஃப் ஆகியிருக்கும்.

2. டூயல் பூட் நம் ஊருக்குப் புதிதல்ல. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், தொடக்கத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். சொல்லித்தர ஆளில்லாமல், நான் பார்த்த பலர் லினக்ஸ் பக்கமே போகவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அக்காவோ அண்ணனோ அந்தத் திட்டத்தில் வாங்கிய லேப்டாப் பரணில் கிடந்தால் இறக்குங்கள். படங்களை எடுத்து வைத்துவிட்டு, லுபுண்டு மாதிரி இலகுவான ஒன்றை டிஸ்க் முழுக்கப் போடுங்கள். பழகுவதற்கு அதைவிட நல்ல மெஷின் கிடையாது.

3. விர்ச்சுவல் மெஷினில் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுப் பயமில்லாமல் எதையும் உடைக்கலாம் கண்ணு. ஆனால் உங்கள் வைஃபை லினக்ஸில் வேலை செய்யுமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று அது காட்டாது. அதற்கு பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்டு, டச்பேட் மூன்றும் சரியாக இருந்தால்தான் அடுத்த பேச்சு.

4. வெல்ல மண்டி கணக்கோ கோழிப்பண்ணை கணக்கோ டேலியில் ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டரில் டூயல் பூட் கூடவே கூடாது. அப்பாவின் கணக்கு போனால் திரும்பாது.

5. உங்கள் சொந்த லேப்டாப் என்றால், லினக்ஸில் கை பழகிய பிறகு டூயல் பூட்டுக்கு வாருங்கள். ஃபைல்களை வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது, வேறொரு கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பாருங்கள். பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்யுங்கள். இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே முடியுங்கள். பேட்டரி முழுக்க ஏறியிருக்கட்டும். பார்ட்டிஷன் பிரிக்கும் நடுவில் கரண்ட் போய் மெஷின் அணைந்தால் டேட்டா போய்விடும். இன்ஸ்டாலர் 'விண்டோஸுடன் சேர்த்து', 'டிஸ்கை முழுக்க அழித்து' என்று இரண்டு வழி காட்டும். அந்தத் திரையில் அவசரமே கூடாது.

6. முடிந்ததும் விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டலாம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும்; விண்டோஸ் அதையே நம் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். உள்ளூர் நேரத்தில் வை என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும். என்றைக்காவது விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் மெனு காணாமல் போனாலும் பதறி மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். பெரும்பாலும் லினக்ஸ் அப்படியே இருக்கும். பயாஸில் பூட் வரிசை மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.