தங்கத்துக்கும் சூடு ஆகாது!



போன தேர்வில் "வினையூக்கி என்றால் என்ன?" என்ற கேள்விக்கு, "வினையின் வேகத்தைக் கூட்டும், தான் ஒருபோதும் மாறாது" என்று எழுதினேன். 'ஒருபோதும் மாறாது' என்ற இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு அரை மார்க்கைக் குறைத்துவிட்டார் சார்.

"புத்தகத்தில் அப்படித்தானே சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"வினையில் செலவாகாதுன்னுதான் இருக்கு. தங்க வினையூக்கியைப் பற்றிப் படிச்சுட்டு வா" என்றார். படித்ததை எழுதுகிறேன்.

தங்கம் எதனுடனும் எளிதில் வினைபுரியாது. அது வினையூக்கியாக உதவாது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் நுண்ணிய தங்கத் துகள்களைச் சில உலோக ஆக்சைடுகளின் மேல் பதித்தால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழேயும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றும் என்று, 1987-இல் ஜப்பானிய விஞ்ஞானி மசாதகே ஹருதா குழுவினர் வெளியிட்டனர். துகள் 5 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். (1 மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் 1 நானோமீட்டர்!)

தயாரிக்கும் முறை

1. தங்கம் கரைந்த குளோரோஆரிக் அமிலத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு தூளை ஊறவைத்து உலர்த்துவது சுலபம். ஆனால் குளோரைடு உள்ளேயே தங்கிவிடும். சூடாக்கும்போது துகள்கள் ஒன்றுசேர அது துணைபோகிறது.

2. அதே கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, தங்கத்தை ஹைட்ராக்சைடாகத் தூளின் மேல் படியவைத்து, குளோரைடு போகக் கழுவி, பிறகு சூடாக்கினால் துகள்கள் சிறிதாகவே அமையும்.

சூடு எவ்வளவு?

சூடே இல்லாவிட்டால் ஹைட்ராக்சைடு சிதைந்து தங்கமாகாது. தாங்கியில் உறுதியாக ஒட்டவும் செய்யாது. சூடு மிஞ்சினாலோ, தாமரை இலையில் நீர்த்துளிகள் சேர்வதுபோலத் துகள்கள் சேர்ந்து பெரிதாகிவிடும். தங்கத்தின் உருகுநிலை 1064 டிகிரி. ஆனால் நுண்துகள்கள் சேர அவ்வளவு சூடு வேண்டாம், சில நூறு டிகிரியே போதும்.

ஒரு கணக்குப் போடுங்கள். 2 நானோமீட்டர் விட்டமுள்ள 1000 உருண்டைகள் சேர்ந்தால் 20 நானோமீட்டர் உருண்டை ஒன்று கிடைக்கும். எடை அதேதான். ஆனால் மேற்பரப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும்! வினை நடப்பதோ மேற்பரப்பில்தான். ஒரு துளி தங்கம்கூடச் செலவாகவில்லை; ஆனாலும் வினையூக்கி வலுவிழந்துவிட்டது.

ஆகவே நண்பர்களே, "வினையூக்கி வினையில் செலவாகாது" என்று எழுதுங்கள். 'மாறாது' என்று எழுதி என்னைப்போல அரை மார்க்கை இழக்காதீர்கள்!

— 12-ஆம் வகுப்பு மாணவன்