இல்லத் திருப்பணியும் இளங்கோயிலும்



இல்லத்தில் ஒரு மகவு பிறக்கவிருக்கிறது என்னும் நற்செய்தி வந்தவுடன், வீட்டைச் சீர்செய்துவிட வேண்டும் என்னும் எண்ணமும் உடன் பிறக்கிறது. ஒழுகும் ஓடும், காரை பெயர்ந்த சுவரும், வழுக்கும் குளியலறையும் அன்று முதல் கண்ணை உறுத்துகின்றன. அவ்வேளையில் வீட்டுப் பெரியோர், "கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் கட்டட வேலை கூடாது" என்று தடுக்கின்றனர். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது? இவ்வினாவுக்கு நம் ஆலய மரபிலேயே விடை உண்டு.

கடற்கரை இல்லங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய ஜெகதாப்பட்டினத்தை எண்ணிப் பாருங்கள். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை கூரையைச் சோதிக்கும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தில் எண்ணற்ற கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. இத்தகைய ஊரில் வீட்டுப் பழுது என்பது ஆடம்பரம் அன்று; உயிர்க்காப்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது மீனவர் வழக்கம். ஆளேறிய படகை நடுக்கடலில் நிறுத்தி எவரும் புதுப்பிப்பதில்லை. ஆயினும் ஓட்டை விழுந்து நீர் புகுந்தால், கரை வரட்டும் என்று காத்திருப்பதும் இல்லை, அப்பொழுதே அடைப்பர். புதுப்பித்தல் வேறு, ஓட்டை அடைத்தல் வேறு. வீட்டுக்கும் இதுவே நியதி.

மரபின் உட்பொருள்

மனைவி கருவுற்றிருக்கையில் புதுமனைக்கு அடிக்கல் நாட்டுவதையும் நிலைவாசல் வைப்பதையும் பல குடும்பங்களில் தவிர்ப்பர். கணவனின் கவனமும் கைப்பொருளும் கல்லுக்கும் மண்ணுக்கும் போய்விட்டால் கருவைச் சுமப்பவளை யார் பேணுவர்? தூசியிலும் இரைச்சலிலும் அவள் எவ்வாறு உறங்குவாள்? இக்கேள்விகளை வைத்துப் பார்த்தால் அவ்வழக்கத்தின் நன்மை விளங்கும். ஆனால் அதையே காரணமாக்கி, இடிந்து விழும் கூரையின்கீழ் அவளைப் படுக்க வைப்பது மரபைக் காப்பதாகாது.

ஆலயம் காட்டும் வழி

கருவறையில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். மூலமூர்த்தியின் அருட்கலையைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, வேறோர் இடத்தில் அமைத்த சிறு சந்நிதியில் நிலைநிறுத்துவர். இதனைத் தமிழில் இளங்கோயில் என்பர். திருப்பணி முடியுமட்டும் நித்திய பூசை அங்கே குறைவின்றி நடைபெறும். குடமுழுக்கின்போது மீண்டும் கருவறையில் எழுந்தருளச் செய்வர். திருப்பணியும் நிற்பதில்லை, வழிபாடும் நிற்பதில்லை.

கருவுற்ற தாயும் ஒரு கருவறையைத் தாங்கியவள் அல்லளா? வீட்டில் உளி விழுமுன் அவளுக்கு ஓர் இளங்கோயில் அமையுங்கள். அது தாய்வீடாகலாம்; உறவினர் இல்லமாகலாம்; இயலாதபோது வேலை நடக்கும் இடத்திலிருந்து நன்கு விலகி, கதவடைத்த காற்றோட்டமான ஓர் அறையாகவேனும் இருக்கட்டும். வேளைக்கு உணவும் உறக்கமும் மருத்துவப் பரிசோதனையும் அவளுக்கு நித்திய பூசை போன்றவை. அவை ஒருநாளும் தவறலாகாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். தாயின் குருதியில் கலக்கும் ஈயம் கருவையும் அடைந்து, குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சுவர் சுரண்டும் இடத்திலும் வண்ணம் பூசும் இடத்திலும் கருவுற்றவள் இருத்தலாகாது; அத்தூசியைப் பெருக்கும் பணியும் அவளுடையதன்று.

2. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்த் தகட்டை உடைத்தாலும் அறுத்தாலும் நுண்ணிழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குக் கேடு செய்யும். நீர் தெளித்து, உடையாமல் முழுத்தகடாகவே இறக்குக.

3. செலவு குறையும் என்று கடல்மணலைக் கலவையில் சேர்க்க வேண்டா. அதிலுள்ள உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து காரையைப் பெயர்க்கும். தூளி கட்டும் கொக்கியையும் உத்திரத்தையும் முதலில் சோதியுங்கள். குழந்தையின் உயிர் அதில் தொங்கப் போகிறது.

4. கட்டடம் நனைக்கத் தேக்கிய நீரில் டெங்குக் கொசு வளரும். வாரம் ஒருமுறை தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவுக. கருவுற்றவர்க்கு டெங்கு பெரும் ஆபத்து.

5. பேறுகாலச் செலவுக்கான பணத்தை முதலில் எடுத்து வைத்து, எஞ்சியதைக் கொண்டே வேலையைத் தொடங்குக. கூரை, மின்கம்பி, கழிப்பறை ஆகியவற்றை முதலில் முடிக்க. அழகு வேலை குழந்தை வளர்ந்தபின் ஆகட்டும்.

தாயும் ஆனவர்

திருச்சிராப்பள்ளித் தலவரலாறு நாம் அறிந்ததே. காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர இயலாதபோது, பேறுகால வேதனையுற்ற இரத்தினாவதிக்கு இறைவனே தாயுருவில் வந்து துணைநின்றான்; தாயுமானவன் எனப் பெயர் பெற்றான். அங்கே அவளுக்கு வேண்டியிருந்தது மாளிகையன்று; அருகிருந்து பேணும் ஒரு துணை.

ஆகவே இல்லறத்தாரே, வீட்டைச் சீர்செய்யுங்கள். அதற்குமுன் அவளுக்குத் தாயுமாகி நில்லுங்கள். இளங்கோயில் எழுந்த பின்னரே திருப்பணி தொடங்கட்டும். புதுக்கூரையின்கீழ்த் தாயும் சேயும் நலமுடன் புகும் நாளே அவ்வில்லத்தின் குடமுழுக்கு நாள்.

திருவருள் துணை நிற்க.